மாமாவின் பதினான்கு வளைவுகள்

போன சனிக்கிழமை மத்தியானம் பாசாரிலிருந்து வீடு திரும்பியபோது, பின்பக்கச் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் அடியில் என் மகளின் செருப்புகள், கோயில் வாசலில் விட்டதுபோல ஒழுங்காகக் கிடந்தன. மகளைக் காணோம். கையிலிருந்த மீன் பையைக் கீழே வைத்தேனா, போட்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தேன். ஓட்டுக் கூரையின் முகட்டுக்கு அருகில், சூரிய வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பதினாறு வயதுப் பெண் வெறுங்காலோடு குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயின் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மா, கத்தாத. நீ கத்துனா நான் பயந்து விழுந்துருவேன்."

நான் கத்தவில்லை. அவள் கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைக்கும்வரை என் வாயை என் கையாலேயே பொத்திக்கொண்டு நின்றேன். இறங்கியதும் அடிக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து, முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன்பு கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றினோம். அன்றிலிருந்து குளியலறையில் வெந்நீர் என்ற பெயரில் பச்சைத் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த ஆள், பழசாகிவிட்டது, எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மகளுக்கு அது ஒப்பவில்லை. மேலே ஏறிப் பார்த்திருக்கிறாள்.

"கூரைக்காரங்க பைப்புக்கு அடியில ஒரு செங்கல்ல முட்டுக் கொடுத்திருக்காங்கமா. அந்த எடத்துல பைப்பு ஒட்டக முதுகு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. காத்து அங்க போய் ஒக்காந்துக்கிட்டா சுடுதண்ணி எப்படித் தாண்டிப் போகும்? செங்கல்ல எடுத்துட்டேன். அவ்ளோதான்லா."

மறுநாள் மாலை குழாயைத் திறந்தபோது கை சுட்டது. ஒரு வாரம் ஆகிறது. குழாயைத் திறக்கும்போதெல்லாம் தண்ணீரை ஓடவிட்டு நின்றுவிடுகிறேன். பாதி அந்த ஏணியால். மறுபாதி ஏன் என்று சொல்ல வேண்டுமானால், என் மகள் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பேராக்கில், பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் கடைசி வீடு. அப்பாவுக்குக் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு நான்கு. அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார்.

தம்பிக்கு இளைப்பு. பச்சைத் தண்ணீர் பட்டால் அன்று முழுவதும் நெஞ்சில் பூனை உறுமும். அம்மா விடியுமுன்பே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும் என்பதால், போகும்போதே விறகடுப்பில் பானையை ஏற்றிவிட்டுப் போய்விடுவார். ஆறு மணிக்கு நான் எழுந்து, கொதிக்கும் பானையைத் துணி பிடித்து இறக்கி, பத்து அடி நடந்து குளிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், விளாவி, தம்பியைக் குளிப்பாட்டி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போக வேண்டும். லயத்தில் எல்லா வீட்டிலும் மூத்த பெண் பிள்ளைகளின் வேலை அதுதான். இன்று என் மகள் தேநீர்க் கெண்டியைத் தூக்கினாலே நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறேன்.

ஒருநாள் காலை, படியில் கிடந்த சவுக்காரத் துண்டை நான் பார்க்கவில்லை.

பானை என் மேல் சாயவில்லை. முன்னால் நின்றவன் தம்பி. அவனுடைய வலது காலில் முழங்காலுக்குக் கீழே முழுவதும் கொட்டியது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மாமாதான் அவனை வாழையிலையில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து, பத்து காஜா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பின்னால் நான் மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா ரப்பர்க் காட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். சட்டைக் கையில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. தம்பியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்து, முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தம்பி வீட்டுக்கு வந்த பிறகு அம்மா ஒரே ஒரு கட்டளை போட்டார்.

"இனிமே நீ பானையத் தொடக் கூடாது."

அன்றிலிருந்து அவர் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து, தூக்கத்தில் தொங்கும் தம்பியைத் தானே குளிப்பாட்டிவிட்டுப் பெரட்டுக்கு ஓடினார். தம்பியோ ஆவியைக் கண்டாலே அலறினான். தேநீர் ஆற்றினால்கூட மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். என்னை இனி நம்பமாட்டார்கள், அதனால்தான் பானையைத் தொடவிடவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். பள்ளியில் யாராவது "ஒங்க தம்பி கால் எப்படி?" என்று கேட்டால் கழிவறைக்குப் போய்விடுவேன்.

இந்த நிலைமையில்தான் மாமா எங்கள் வீட்டுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தார்.

மாமாவுக்கு ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், குழாய் பொருத்தும் வேலை. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைப்பதுபோல் மாமா ரசமட்டம் வைத்திருப்பார். ஒரு சின்னக் கண்ணாடிக் குழலுக்குள் பச்சை நிறத் தண்ணீரும் ஒரு காற்றுக் குமிழியும் இருக்கும். குமிழி நடுக்கோட்டில் நின்றால் சாமான் மட்டமாக இருக்கிறது என்று பொருள். சாப்பிட உட்கார்ந்தால் எங்கள் மேசையைக்கூட அளந்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். ஈப்போவில் ஏதோ ஒரு பெரிய பங்களாவின் கூரையில் வெயிலிலேயே தண்ணீர் சுடவைக்கும் சாதனத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"நெருப்பு வேணாம்க்கா. வெறகு வேணாம். யாரும் எதையும் தூக்க வேணாம். சுட்ட தண்ணி லேசாயிரும், தானா மேல ஏறிப் போயி டிரம்முல நிக்கும். குளுந்த தண்ணி தானா கீழ எறங்கி வரும். மோட்டார் கூட இல்லலா!"

அம்மா முறத்திலிருந்து தலையை எடுக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கொதிக்குமா?"

"கொதிக்க வச்சே காட்டுறேன் பாருங்க!"

"கொதிக்கக் கூடாதுடா," என்றார் அம்மா. "சுடணும். கொதிக்கக் கூடாது. அப்படின்னா செய்யி."

மாமாவுக்கு அது விளங்கவில்லை. கொதிக்காத அடுப்பு ஒரு அடுப்பா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நானும் மாமாவின் பக்கம்தான்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் வேலை நடந்தது. கதவு அளவுக்கு ஒரு பலகைப் பெட்டி. அதற்குள் கறுப்புச் சாயம் அடித்த தகரம். மேலே மூடுவதற்கு, யாரோ கழற்றிப் போட்ட பழைய சன்னல் கண்ணாடிகள். பெட்டியைத் தரையோடு சாய்த்து வைத்து, பக்கத்தில் தண்டவாளக் கட்டைகளை அடுக்கி மேடை கட்டி, அதன்மேல் செம்பனை எண்ணெய் வந்த காலி டிரம்மை ஏற்றினார். எத்தனை முறை கழுவியும் அதில் அப்பளம் பொரித்த வாசனை போகவில்லை.

ஆனால் மாமாவின் உயிர் இருந்தது குழாயில்தான். இரும்புக் குழாய்க்குள் மணலை அடைத்து, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, நசுங்காமல் வளைக்கும் வித்தையை அவர் ஈப்போவில் கற்றிருந்தார். ஒரே நீளக் குழாய், இடமிருந்து வலம் போய், வளைந்து, வலமிருந்து இடம் வந்து, மறுபடி வளைந்து, பாம்பு போலப் பெட்டி முழுக்க ஏறியது. மொத்தம் பதினான்கு வளைவுகள். ஒவ்வொரு வரியையும் ரசமட்டம் வைத்துச் சோதித்தார். குமிழி நடுவில் நின்றதும் லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். மயிரிழைகூடப் பிசகவில்லை. பெட்டியிலிருந்து டிரம்முக்குப் போகும் குழாயைக்கூட வீட்டுச் சன்னல் சட்டத்தை ஒட்டி, கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி, கண்ணுக்கு லட்சணமாகக் கொண்டுபோனார்.

"இந்தத் தீபாவளிக்கு லயமே எங்க வீட்டுத் தண்ணியிலதான் எண்ணெ முழுகும்!" என்று அவர் குழாயடியில் அறிவித்தபோது, நான் அவர் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு, நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோதனை. மாலை நான்கு மணிக்குப் பாதி லயம் வாளியோடு வந்துவிட்டது. வேலைக்காட்டில் எல்லாரையும் மேய்க்கும் தண்டல்கூடத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாமா கையைத் துடைத்துக்கொண்டு டிரம்மின் குழாயைத் திறந்தார்.

தண்டல் முதலில் கையை நீட்டினார். நீட்டிய கையை எடுக்காமல் மாமாவைப் பார்த்தார்.

"என்னா தம்பி, உள்ள ஐஸ்கட்டி போட்டு வச்சிருக்கியா?"

"ஆயேர் பானாஸ் இஞ்சினியரு!" என்று பின்னாலிருந்து ஒருவர், வெந்நீர் என்பதை மலாயில் சொல்லி, மாமாவுக்குப் பெயர் சூட்டிக் கூவினார். "ரெண்டு எலுமிச்சம்பழம் கொண்டாங்கலா, சர்பத்துக் குடிச்சிட்டுப் போவோம்!"

கண்ணாடிக்கு அடியில் குழாய் மட்டும் 'களுக், களுக்' என்று விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது. என்னால் நம்ப முடியவில்லை. கண்ணாடி ஓரத்தில் விரலை விட்டுக் கடைசி வளைவைத் தொட்டேன். விரல் கன்றிப்போனது. குழாய் கொதிக்கிறது, டிரம்மில் தண்ணீர் குளிர்கிறது. சூடு எங்கோ வழியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

"இன்னும் ரெண்டு வளைவு சேத்தா சரியாயிரும்," என்றார் மாமா, எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

பக்கத்து வீட்டு அக்கா வெறும் வாளியை எடுத்துக்கொண்டு போகிற போக்கில் அம்மாவிடம் சொன்னார்.

"பானையத் தேச்சு வையிங்க அக்கா. தீபாவளிக்கு அத்தனை தலைக்கு எண்ணெ வச்சு நீங்க எப்படித் தண்ணியும் தூக்குவீங்க? ஒங்க மவதான் தூக்கணும்."

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். தம்பி மேசைக்கு அடியில் இருந்தான்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா பெட்டியின் முன்னால் வந்து குந்தினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, குழாயின் ஓரமாகப் பார்த்தார். காட்டில் புது மரத்துக்கு முன்னால் அவர் அப்படிக் குந்திப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

"இது ஏன்டா இப்படிப் படுத்துக் கெடக்கு?"

"படுக்கலக்கா. மட்டமா இருக்கு. இந்தாங்க, பாருங்க, குமிழி நடுவுல நிக்குது."

"அதத்தான் கேக்குறேன். மட்டமா இருந்தா எப்படிப் போவும்?"

"எது?"

"ஒன் தண்ணி. சுட்ட தண்ணி மேல ஏறும்னு நீதான சொன்ன? ஏறுறதுக்கு வழி எங்க வச்சிருக்க?"

அம்மா விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார்.

"மரத்துல நான் இப்படி மட்டமாக் கோடு போட்டா பாலு அடியில கட்டுன மங்குக் கிண்ணத்துக்கு வராது. பட்டையில வழிஞ்சு அங்கேயே காஞ்சு போவும். நடுவுல ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் அதுல தங்கிக்கும். மறுநாளு தண்டலு வந்து காடே கேக்குற மாதிரி கத்துவாரு."

"அக்கா, அது பாலு. இது தண்ணி."

"பாலு கீழ எறங்கணும், ஒன் தண்ணி மேல ஏறணும். அவ்ளோதான? சாய்ப்பத் திருப்பிப் போடு."

அம்மா எழுந்துபோய் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, சமையற்கட்டுப் பலகைச் சுவரில் வரைந்தார். கீழே ஒரு கோடு. மேலே ஒரு கோடு. இரண்டையும் சேர்த்து வரிசையாக ஏழு கோடுகள். மேல் கோட்டின் ஒரு முனை இன்னும் ஏறிப் போய் ஒரு வட்டத்தில் முட்டியது. வட்டம் டிரம்.

"காட்ட ஒரே ஆளா வெட்டுறோம்? ஆளுக்கொரு நிரை. அவங்கவங்க நிரைய வெட்டிட்டுக் கடைசியில எல்லாரும் ஒரே ஸ்டோருக்குத்தான பாலக் கொண்டு போறோம்? ஒரே தண்ணிய பதினாலு தரம் திருப்பித் திருப்பி நடக்கவச்சா அது களைச்சுப் போயி வழியிலேயே ஒக்காந்துக்கும்."

"பதினாலு வளைவுக்கா!" மாமாவின் குரல் உடைந்தது. "தவுக்கேயே பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னாருக்கா!"

"நல்லாத்தான்டா இருக்கு," என்றார் அம்மா. "தண்ணிக்குத்தான் புடிக்கல."

மாமா இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாலை, ஒரு பை நிறைய இணைப்புகளோடும் இரும்பு அறுக்கும் வாளோடும் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வளைவுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அறுபட்ட வளைவுகளை நான் பொறுக்கி எண்ணினேன். மண்ணில் குவித்தபோது குதிரை லாடங்களைப்போல இருந்தன. எனக்கு அழுகை வந்தது. அம்மா ஏன் இப்படி மாமாவை அவமானப்படுத்துகிறார் என்று தோன்றியது.

அடுத்த மூன்று மாலைகளும் ஏழு நேர்க்குழாய்கள் பெட்டியில் ஏறின. மாமா ரசமட்டத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அம்மா தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தூக்கு. இன்னும். போதும்," என்றார். டிரம்முக்குப் போகும் குழாயைத் தடவிக்கொண்டே போய், சன்னலுக்குக் கீழே நின்றார். "இங்க எறங்குது பாரு. எறங்குனா ஏறாது." மாமா சன்னல் சட்டத்தின் அழகையும் கைவிட்டு, நேராக ஏறும்படி அதைச் சாய்த்துப் பொருத்தினார். வழி முழுக்க எங்கும் தங்க இடமில்லாமல், தண்ணீருக்கு ஏறுவதைத் தவிர வேறு வேலை இல்லாதபடி ஆயிற்று.

அதன்பிறகு மழை பிடித்துக்கொண்டது.

தீபாவளி மாதத்து மழை பேராக்கில் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இரண்டு நாள் வெயிலே இல்லை. நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று பட்டாசு வேண்டாம், வெயில் கொடு என்று பேரம் பேசினேன். தீபாவளிக்கு முதல் நாள் காலையிலும் வானம் மூட்டமாகத்தான் இருந்தது. அம்மா முறுக்கு மாவு பிசைய உட்கார்ந்தார். பானை தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

பத்து மணிக்குமேல் மேகம் விலகியது. எண்ணெய்ச் சட்டிக்கும் பின்வாசலுக்கும் நான் நடந்தேன், நடந்தேன், கால் வலிக்க நடந்தேன். மத்தியானம் ஏழு குழாய்களின் அடியையும் தலையையும் தொட்டுப் பார்த்தேன். அடியில் குளிர்ச்சி, தலையில் சூடு. விக்கல் சத்தம் இல்லை. மூன்று மணிக்கு டிரம்மின் மேல்பக்கத்தைத் தொட்டவள், "அம்மா!" என்று கத்தினேன்.

அம்மா கையில் மாவோடு வந்தார். புறங்கையை டிரம்மின்மேல் வைத்தார். வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாக்குகளைக் கொண்டுவரச் சொல்லி, டிரம்மைச் சுற்றி நாலு மடிப்பாகக் கட்டினார். இடுக்குகளில் தேங்காய் மட்டையைத் திணித்தார். முறுக்கு கருகுகிறது என்று உள்ளே ஓடினார்.

தீபாவளி விடியற்காலை. அப்பா வந்திருந்தார். எங்கள் எல்லார் தலையிலும் எண்ணெய் வழிந்தது. அடுப்பில் பானை தண்ணீரோடு உட்கார்ந்திருந்தது, நெருப்புதான் வைக்கவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் வாளிகளோடு வந்தவர்கள் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்கள். வேடிக்கை பார்க்கத்தான் பலர் வந்திருந்தார்கள்.

மாமா குழாயைத் திறந்தார். கையை நீட்டினார். வாளி நிரம்பும்வரை அப்படியே நின்றார்.

தம்பி கதவுக்குப் பின்னால் இருந்தான். வாளியிலிருந்து ஆவி வரவில்லை. அதனால் ஓரடி வந்தான். இன்னும் ஓரடி. தண்ணீர் விழும் இடத்துக்கு வந்து, தழும்பு மினுங்கும் அந்த வலது காலைத்தான் முதலில் நீட்டினான்.

உடனே இழுத்துக்கொண்டு, மறுபடியும் நீட்டினான்.

"மாமா," என்றான். "வெதுவெதுன்னு இருக்கு. எரியல."

அதன்பிறகு பின்வாசலில் நடந்ததுதான் எங்கள் லயம் கண்ட பெரிய தீபாவளி. ஆறு வீட்டுப் பிள்ளைகள் வெந்நீரில் எண்ணெய் முழுகினார்கள். ஏழாவதாக வந்த தண்டலுக்கு மட்டும் டிரம் காலியாகிப் பச்சைத் தண்ணீர்தான் கிடைத்தது. "எனக்குன்னு வரும்போது மட்டும் ஐஸ்கட்டிய எடுத்து வச்சிருக்கான்லா!" என்று அவர் துள்ளியதைப் பார்த்து மாமாவும் சிரித்துவிட்டார். மாமாவை ஆளாளுக்குத் தோளில் தட்டினார்கள். அப்பா கமுந்திங்கிலிருந்து தமக்கென்று கொண்டுவந்த புதுச் சட்டையை அவருக்கே கொடுத்தார். சர்பத்து கேட்டவர் மாமாவை மரியாதையாக "இஞ்சினியர்" என்றே கூப்பிட்டார். அந்தப் பெயர் பிறகு நிலைத்துவிட்டது.

அம்மா தோசை சுட உள்ளே போய்விட்டிருந்தார். நான் ஈரத் தலையோடு உள்ளே ஓடியபோது, தோசையைத் திருப்பியபடியே சொன்னார்.

"நாளையிலேருந்து தம்பிய நீயே குளிப்பாட்டு."

அம்மா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் மன்னிக்கவேண்டிய குற்றம் எதுவும் என் பெயரில் இருந்ததே இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள, நான் ஓர் ஏணிக்கடியில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் ஒரு பாடப் புத்தகத்தில் சூரிய வெந்நீர்ப் பெட்டியின் படத்தைப் பார்த்தேன். கீழே ஒரு குழாய், மேலே ஒரு குழாய், நடுவே வரிசையாக நேர்க்குழாய்கள். நீண்ட ஒற்றைக் குழாயை வளைத்து வளைத்து மட்டமாகப் போட்டால், மோட்டார் இல்லாத இடத்தில் ஓட்டம் தடைபடும்; பல குழாய்களாகப் பிரித்துச் சாய்வாக ஏற்றினால் சூடு தொட்டிக்குப் போய்ச் சேரும் என்று பக்கத்திலேயே விளக்கம். எங்கள் சமையற்கட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் வரைந்திருந்த படம் அதேதான், அளவுகள் மட்டும் இல்லை. இப்போது என் மகள் கூரையில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயின் ஓரமாகப் பார்த்தாளே, அந்தப் பார்வையை அவளுக்கு எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், 'நான் போற்றும் ஒருவர்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் மாமாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். ஆசிரியை அதை வகுப்பில் வாசித்து, அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் மாட்டிவைத்தார். பலகையிலிருந்து எடுத்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காட்டிலிருந்து வந்து குளித்திருந்தார். அதற்குள் மாமாவின் வெந்நீர் இல்லாமல் யாரும் குளிப்பதில்லை. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"படி."

நான் உரக்கப் படித்தேன். 'என் மாமா ஒரு விஞ்ஞானி. அவர் தம் கூர்மதியால் குழாய்களை மாற்றி அமைத்தார். ஏழு குழாய்களைச் சாய்வாகப் பொருத்தினார். அதனால் எங்கள் லயமே பயன் பெற்றது.' ஒவ்வொரு குழாய்க்கும் அம்மா தலையை ஆட்டினார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது. 'அந்த நல்ல நாளில் என் அம்மா சுவையான முறுக்கு சுட்டார்.' பிறகு மாமா நீடூழி வாழ வேண்டும் என்று முடித்திருந்தேன்.

அம்மா தாளின் பக்கம் குனிந்தார். விரலை நீட்டி, எழுத்துகளின்மேல் படாமல், ஓரத்தில் மட்டும் தடவினார். மரத்தின் பட்டையை அப்படித்தான் தடவுவார்.

"அந்த முறுக்கு வரிய இன்னொரு தடவ படி."

என் எழுத்து அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்ற பெருமையில், நான் எழுந்து நின்று இன்னும் உரக்கப் படித்தேன்.